பழைய பணிசெயல் முறைமையை மீள நிறுவுதலும் செயலூக்கலும்

கணினி என்பது உலோகமும் கண்ணாடியும் சிலிக்கன் சில்லுகளும் கூடிய வெறும் பொறியன்று. அதனை இயக்குதற்கென ஆக்கப்பெற்ற கட்டளைத் தொகுதிகள் அதனுட் புகுந்த பின்னரே அது கணினி என்னும் பெயருக்கு உரியதாகின்றது. அத்தொகுதிகளுள்ளே தலையாயது, பணிசெயல் முறைமை என நம் பாடநூல்கள் வழங்கும் மென்பொருளாகும். விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொணர்தலும், எழுதியதனை வன்தட்டிற் பதித்துக் காத்தலும், அச்சுப்பொறி முதலிய துணைக்கருவிகளை ஏவல்கொள்ளுதலும் அதன் தொழில்களாம். உடலுக்கு உயிர் எத்தகையதோ கணினிக்கு இஃது அத்தகையது என்று கூறுவது வழக்கம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நீங்கிய உயிரை உடலுக்கு மீட்டல் எவர்க்கும் இயலாது. பழுதுற்ற பணிசெயல் முறைமையையோ மீள நிறுவுதல் இயலும். அங்ஙனம் நிறுவுமிடத்து, அம்முறைமை பழையதாயின், எழும் இடர்கள் யாவை, அவற்றின் காரணங்கள் யாவை, அவற்றை நேர்மையான வழியிற் கடப்பது எவ்வாறு என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

புதியன பல இருக்கப் பழையதை நாடுவானேன் என்னும் வினா முதற்கண் எழும். அதற்கு விடைகள் மூன்று. முதலாவது, பொறியின் ஆற்றல். 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, 64 மெகாபைட் நினைவகத்தோடும் அமைந்து இயங்கவல்லது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி வெளியான விண்டோஸ் 7, குறைந்தது ஒரு கிகாபைட் வேண்டும் என்றது. விண்டோஸ் 11 நான்கு கிகாபைட் நினைவகத்தையும், அதற்குமேற் பாதுகாப்புக்கென அமைந்த தனிச் சில்லொன்றையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே பழைய பொறிக்குப் பழைய முறைமையே பொருந்துவதாகின்றது. இரண்டாவது, ஆய்வுகூடக் கருவிகள். பெரும்பொருள் கொடுத்துக் கொண்ட அளவைக் கருவி ஒன்று இன்னும் செவ்வனே இயங்கும். அதனைக் கணினியோடு இணைக்கும் செலுத்தி என்னும் மென்பொருளோ எக்ஸ்பிக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, நம் தமிழ் ஆவணங்கள். இதுவே நமக்கு மிகவும் அணுக்கமானதாதலின் பின்னர் விரித்துக் கூறுவாம்.

செயலூக்கல் என்பது யாது என்பதை அடுத்து நோக்குவாம். ஹந்தானை மலையின் அடிவாரத்திலே 1952ஆம் ஆண்டு முதற் பேராதனையிற் பல்கலைக்கழகம் நிலைபெற்றிருக்கின்றது. அம்மலையின்மேல் 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை, 2001ஆம் ஆண்டிலே புதுப்பிக்கப்பெற்றுத் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. கொழுந்தை உருட்டும் பழைய ரோலர்களையும் எஞ்சின்களையும் அங்கே காணலாம். அத்தகைய பொறியொன்றை மீள இயக்க வேண்டின், தேர்ந்த தொழிலாளன் ஒருவனும் எண்ணெயும் உதிரிப்பாகங்களுமே வேண்டும். அதனைச் செய்த நிறுவனத்தாரின் இசைவு வேண்டுவதில்லை. அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பெற்ற அதே 2001ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் நிலையோ வேறு. அதனை நிறுவி முடித்த பின்னரும், ஆக்கியோரிடத்தினின்று ஒப்புதல் பெற்றாலன்றி அது நிலையாக இயங்காது. இவ்வொப்புதல் பெறும் முறையே செயலூக்கல் எனப்படும்.

அதன் நுட்பம் அறிந்து மகிழத்தக்கது. முறைமையுடன் உரித்துச்சாவி ஒன்று வழங்கப்படும். அஃது ஐந்தைந்தாக ஐந்து கூறுகளில் அமைந்த 25 குறியீடுகளைக் கொண்டது. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7இலும் அக்குறியீடுகள் 24 வகையினவே; ஆங்கில நெடுங்கணக்கில் 17 எழுத்துக்களும், எண்களுள் ஏழும் மட்டுமே பயின்று வரும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் உயிரெழுத்துக்கள் ஐந்தும் இல்லை. சுழியம், ஒன்று, ஐந்து என்னும் எண்களும் இல்லை. உயிரெழுத்து இன்மையாற் பொருந்தாச் சொற்கள் தற்செயலாக அமைவது அரிதாகின்றது. ஓ என்னும் எழுத்தும் சுழியமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் விளையும் மயக்கமும் நீங்குகின்றது. மங்கிய சாவிச்சீட்டைப் படிக்க முயல்வோர் இவ்விதியை அறிந்திருத்தல் பெரிதும் பயன்றரும். சுழியம் போலத் தோன்றுவது சுழியமாகாது. டி அல்லது கியூ ஆகலாம். ஐந்து போலத் தோன்றுவது ஐந்தாகாது, ஆறாகலாம்.

சாவியை ஏற்றபின் முறைமை தான் குடியிருக்கும் பொறியை ஆராயும். எக்ஸ்பியில், திரைச் சாதனம், வலையமைப்பு அட்டை, வன்தட்டு, மையச் செயலகம், நினைவகத்தின் அளவு முதலிய பத்து இயல்புகள் நோக்கப்படும். அவ்வியல்புகளை ஒருவழிக் கணிதத்தாற் சுருக்கி, சாவியின் விவரத்தோடு கூட்டி, நீண்டதோர் எண்வரிசை ஆக்கப்படும். ஒருவழி என்றது, அவ்வெண்ணிலிருந்து பொறியின் விவரங்களை மீள அறிய இயலாது என்னும் பொருட்டு; அரைத்த மாவிலிருந்து முழு அரிசியைப் பெறவியலாதவாறு போல என்க. அவ்வெண் இணையத்தின் வழியாக அனுப்பப்பட்டாலும், தொலைபேசியிற் படித்துக் கூறப்பட்டாலும், மறுமொழியாக வேறோர் எண் கிடைக்கும். அதனைப் பெற்றவுடன் அச்சாவி அப்பொறிக்கே உரியதாகக் கட்டுப்படும். இதற்கென எக்ஸ்பியில் 30 நாட் கெடு வழங்கப்பட்டது. அது கடந்தால் ஒப்புதல் பெறும்வரை உட்புகுதல் தடுக்கப்படும். விண்டோஸ் 7 சிறிது இரக்கமுடையது. திரையின் பின்புலத்தைக் கறுப்பாக்கி, இடைவிடாது நினைவூட்டும்.

மீள நிறுவுவோர் பலர்க்கு ஓர் அச்சம் உண்டு. ஒரு முறை கட்டுண்ட சாவி மறுமுறை பயன்படுமா என்பதே அது. பொறி மாறாதாயிற் பயன்படும் என்பதே விடை. வன்தட்டைப் புதிதாக ஒழுங்குபடுத்தும்போது அதன் பகுதிக்குரிய தொடரெண் மாறும். அது பத்து இயல்புகளுள் ஒன்று. ஏனையவை மாறாதிருப்பின் பழைய பொறியே இஃது எனக் கொள்ளப்படும். நினைவகத்தைக் கூட்டுதல் போன்ற ஒன்றிரண்டு மாற்றங்களும் பொறுக்கப்படும். தாய்ப்பலகையையே மாற்றினாற் பல இயல்புகள் ஒருங்கே மாறுதலின் புதிய பொறி எனக் கருதப்படும். மேலும், எக்ஸ்பி பெற்ற ஒப்புதல் அதன் முறைமைக் கோப்புறையுள்ளே டபிள்யூ.பி.ஏ. என்னும் பெயருடைய சிறு கோப்பிற் பதிந்திருக்கும். மீள நிறுவுமுன் அக்கோப்பைப் படியெடுத்து வைத்து, அதே பொறியில் நிறுவிய பின் உரிய இடத்தில் இடுவோர், மீண்டும் ஒப்புதல் கேட்க வேண்டிய தேவையினின்றும் நீங்குவர்.

சாவி சரியாயிருந்தும் ஏற்கப்படாமை மற்றோர் இடர். இதற்குக் காரணம் பெரும்பாலும் தட்டின் வகை வேறுபாடேயாம். கடையிற் பெட்டியோடு விற்கப்படும் வகை, கணினி செய்வோர் பொறியோடு தரும் வகை, நிறுவனங்கள் தொகையாகக் கொள்ளும் வகை என எக்ஸ்பி தட்டுக்கள் முத்திறத்தன. ஒரு வகைச் சாவி மற்றொரு வகைத் தட்டிற்குப் பொருந்தாது. இனி, பெரிய நிறுவனங்கள் செய்த கணினிகளுக்கு அவற்றின் மீட்புத்தட்டு ஒன்று உண்டு. அத்தட்டு, தாய்ப்பலகையின் பயோஸ் என்னும் நிலையான மென்பொருளிற் பதித்த அடையாளத்தைக் கண்டு தானே ஒப்புதல் கொள்ளும். பொதுவான தட்டைக் கொண்டு நிறுவினால் அவ்வசதி இல்லை. பெட்டியின் பக்கத்திலோ மடிக்கணினியின் அடியிலோ ஒட்டிய சீட்டிலுள்ள சாவி வேண்டும். மலைநாட்டின் ஈரத்தினாலும் கையுராய்வினாலும் அச்சீட்டு மங்குமுன், அதனைப் படம் பிடித்தோ எழுதியோ வைத்தல் அறிவுடைமையாம்.

இனி, நிறுவும் ஒழுங்கைக் கூறுவாம். முதலாவது செய்யற்பாலது தட்டைச் செருகுதல் அன்று. ஆவணங்களை வேறிடத்திற் படியெடுத்தலேயாம். முறைமை எழும்ப மறுப்பினும் வன்தட்டிலுள்ளவை அழிந்துவிட்டன என்று கொள்ளலாகாது. அதனைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைத்தோ, நேரடித்தட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் முறைமையொன்றைக் கொண்டு திறந்தோ கோப்புக்களை மீட்கலாம். ஆவணங்களோடு எழுத்துருக்களையும் படியெடுத்தல் வேண்டும். இதன் காரணம் பின்னர் விளங்கும். வலையமைப்பு அட்டை, திரைச் சாதனம், ஒலி ஆகியவற்றின் செலுத்திகளையும் முன்னரே தேடி வைத்தல் வேண்டும். வலையமைப்புச் செலுத்தி இன்றி இணையம் இல்லை. இணையம் இன்றி அச்செலுத்தியைத் தேட இயலாது. இச்சிக்கலில் அகப்பட்டுத் திகைப்போர் பலர்.

இரண்டாவது, பயோஸ் அமைப்பை நோக்கல். நீண்டநாட் கிடந்த கணினியில், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவான சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். அதனால் நாட்காட்டி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலவரையறை உடையன, கணினியின் திகதி பிழைப்பின் அவை செல்லா எனத் தள்ளப்படும், செயலூக்கலும் தடைப்படும். சிறிய மின்கலம் ஒன்றை மாற்றாமையாற் பெரிய பழுதென மயங்குவாருளர். இனி, எக்ஸ்பி தட்டானது பிற்கால வன்தட்டுக்களை இணைக்கும் முறைக்கு உரிய செலுத்தியைத் தன்னகத்தே கொள்ளாதது. ஆதலின் நிறுவுந் தொடக்கத்திலேயே நீலத்திரை தோன்றி நின்றுவிடும். பயோஸில் வன்தட்டின் செயன்முறையைப் பழைய ஐ.டி.ஈ. வகைக்கு மாற்றினால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். விண்டோஸ் 7இன் தட்டிலும் இதனையொத்த குறை ஒன்றுண்டு, யூ.எஸ்.பி. மூன்றாம் தலைமுறைக்கு உரிய செலுத்தி அதில் இல்லை. நிறுவும்போது விசைப்பலகையும் சுட்டியும் உயிரற்றவை போலக் கிடப்பின், அவற்றைப் பழைய இரண்டாந் தலைமுறைத் துளையில் இணைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வன்தட்டின் பகுதிகளை வரையறுத்தல். முறைமை இருந்த பகுதியை மட்டும் அழித்து, ஆவணப் பகுதியைத் தொடாது விடல் வேண்டும். பகுதிகளின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை ஒப்புநோக்கிய பின்னரே கட்டளை இடுக. நான்காவது, சேவைப் பொதிகளை நிறுவல். எக்ஸ்பிக்கு 2008இல் வந்த மூன்றாம் பொதியும், விண்டோஸ் 7க்கு 2011இல் வந்த முதற் பொதியும் இன்றியமையாதன. இவற்றை வேறிடத்திலிருந்து கொணர்ந்து, இணையத்தோடு இணைக்குமுன்னரே நிறுவுதல் வேண்டும். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பரவிய பிளாஸ்டர் என்னும் புழுநிரல், காப்பற்ற எக்ஸ்பி கணினிகளை, உரியவர் யாதொன்றும் செய்யாதிருக்கவும் வலைவழியே புகுந்து பற்றியது. 2004இல் வந்த இரண்டாம் பொதிக்குப் பின்னரே எக்ஸ்பியின் தீயரண் தானாக இயங்கலாயிற்று. இவையெல்லாம் முடிந்த பின்னரே செயலூக்கலை மேற்கொள்ளல் முறை. செலுத்திகளும் உறுப்புக்களும் நிலைபெற்ற பின் பெறும் ஒப்புதலே நிலைக்கும்.

இனி, தமிழ் ஆவணங்கள் பற்றிக் கூறுவாம். நம் நாட்டிற் பாடசாலைகளும் அச்சகங்களும் பல்லாண்டுகளாகத் தமிழைப் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து வந்தன. பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் அதனோடு கைகோத்து நின்றது; அதன் இறுதிப் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு வெளியானதும் 2001ஆம் ஆண்டிலேயாம். பாமினியில் எழுதியது கணினியின் கண்ணுக்குத் தமிழன்று. 'தமிழ்' என்னும் சொல்லை அவ்வெழுத்துருவில் எழுதுங்கால், ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே கோப்பிற் பதிகின்றன. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு மட்டுமே. முறைமையை மீள நிறுவி, பாமினியை நிறுவ மறப்போமாயின், ஆண்டு மலர்களும் வினாத்தாள்களும் கூட்டக் குறிப்புக்களும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அவை பழுதுற்றன என மயங்கி அழித்துவிடுவோரும் உளர். எழுத்துருக்களையும் படியெடுக்க வேண்டும் என்று முன்னர்க் கூறியது இது பற்றியேயாம்.

ஒருங்குறி என்னும் யுனிகோட் முறை இக்குறையை நீக்கியது. 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிக்கட்டம் ஒதுக்கப்பட்டது. அம்முறையிலும் 'தமிழ்' என்னும் சொல்லுக்கு ஐந்து குறிகளே வேண்டும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எண்ணிக்கை ஒன்றே, ஆயினும் இவ்வைந்தும் தமிழுக்கே உரியன. எழுத்துரு மாறினும் இவை பிறமொழி எழுத்தாகத் திரியா. விண்டோஸ் 2000இலும் எக்ஸ்பியிலும் லதா என்னும் ஒருங்குறி எழுத்துரு உடன் வந்தது. ஆனால் எக்ஸ்பியிற் கூட்டெழுத்து மொழிகளுக்குரிய ஆதரவு தானாக அமைவதில்லை. வட்டார மொழி அமைப்புப் பகுதியில் அதனைத் தெரிந்து, கேட்கும்போது நிறுவல் தட்டைச் செருகினாலன்றிக் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றும். விண்டோஸ் விஸ்டா முதலாக இவ்வாதரவு இயல்பாகவே அமைந்துள்ளது.

ஆகவே, பழைய முறைமையை மீள நிறுவுதல் முடிவன்று; அஃது ஒரு பாலமே. அதன்மேல் நின்று பழைய கோப்புக்களைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்பக்கங்களை எங்கும் திறக்கத்தக்க வடிவிற் சேமித்தல் வேண்டும். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் பல உள. சுரதா யாழ்வாணன் ஆக்கியளித்த பொங்குதமிழ் மாற்றி பலரும் அறிந்தது. முன்னாளில் ஓலைச்சுவடிகளைச் செல் அரிக்குமுன் நம் முன்னோர் படியெடுத்து வந்தனர். அவ்வாறு தப்பியவற்றையே ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் தேடி அச்சேற்றினர். படியெடுக்கப்படாதவை மாண்டன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது நாம் இழந்தவற்றுள், வேறு படி இல்லாதவற்றை இன்றும் மீட்க இயலவில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காக்கவென 2005ஆம் ஆண்டிலே 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தொடங்கப்பெற்றது. பாடசாலை அலுமாரியில் உறங்கும் கணினியொன்றில் முப்பது ஆண்டு மலர்கள் இருக்குமாயின், அவையும் அத்தகைய காப்புக்கு உரியனவே.

இவ்விடத்து நேர்மை பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். செயலூக்கலைத் தவிர்க்கும் கள்ள நிரல்கள் எளிதிற் கிடைக்கின்றன. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் காப்பளிக்கின்றது. சட்டத்தை ஒருபுறம் வைத்து நோக்கினும், பூட்டை உடைக்கத் தெரிந்தவனை வீட்டினுள் விட்டவர், அவன் வேறெதனையும் தொடான் என எதிர்பார்த்தல் பேதைமை. அந்நிரல்களோடு தீநிரல்களும் வருதல் இயல்பு.

நேர்மையான மாற்று வழி இல்லையா எனின், உண்டு. அவ்வழியினது ஒரு சான்றும் ஹந்தானை மலையின் பெயரையே தாங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஹந்தானா லினக்ஸ் என்பது இலங்கையில் உருவாக்கப்பெற்ற பணிசெயல் முறைமை. பெடோரா என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு, கல்விக்குரிய மென்பொருள்கள், அலுவலகத் தொகுதி, ஒலி ஒளிக் கோப்புக்களுக்கான ஆதரவு ஆகியன சேர்த்து, நேரடியாக இயங்கும் டிவிடி வடிவில் அது வெளியிடப்பட்டது. ஏனைய லினக்ஸ் வெளியீடுகள் போன்று இதற்கும் உரித்துச்சாவி இல்லை, செயலூக்கல் இல்லை, எத்தனை கணினிகளிலும் எத்தனை முறையும் நிறுவலாம். வன்தட்டைத் தொடாது தட்டிலிருந்தே இயக்கிப் பார்க்கவும் கூடும்.

ஆயினும் உரிமையின்மேல் தடையில்லை என்பதனால் முதுமையும் இல்லை என்று கருதலாகாது. பெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழப் பதின்மூன்று மாதமே பராமரிப்பு உண்டு. அதன் பின் அதற்குரிய மென்பொருட் பொதிகள் வழக்கமான களஞ்சியத்தினின்று பழஞ்சுவடிக் களஞ்சியத்துக்கு மாற்றப்படும். பழைய ஹந்தானாத் தட்டை நிறுவுவோர் களஞ்சிய முகவரியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். புதிய பாதுகாப்புத் திருத்தங்களும் கிடையா. மேலும், பேஜ்மேக்கரும் எக்ஸ்பிக்கென எழுதிய கருவிச் செலுத்திகளும் லினக்ஸில் நேரே இயங்கா. ஆகவே, பொதுப் பயன்பாட்டுக்கும் மாணவர் பயிற்சிக்கும் லினக்ஸும், பழைய ஆவணங்களைத் திறத்தற்கு மட்டும் இணையத்தோடு இணையாத எக்ஸ்பி கணினி ஒன்றும் எனப் பிரித்துக்கொள்ளுதல் ஏற்றது. புதிய கணினியினுள்ளே மாயக்கணினி ஒன்றை அமைத்து அதில் எக்ஸ்பியை நிறுவுவாரும் உளர். மாயக்கணினியின் உறுப்புக்கள் வேறாதலின் அதற்குத் தனியே ஒப்புதல் வேண்டும் என்பதையும், பொறியோடு வந்த உரிமம் வேறு பொறிக்குச் செல்லாது என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

இணையத்தோடு இணையாத என்று கூறியது காரணம் பற்றியே. எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதியும், விண்டோஸ் 7க்கானது 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதியும் முடிந்தன. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கோப்புக்களைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. பராமரிப்பு முடிந்து மூன்றாண்டு கழிந்தும், அதன் கொடுமை நோக்கி எக்ஸ்பிக்கு ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. அத்தகைய அருள் எப்போதும் கிட்டும் என நம்பியிருத்தல் தகாது.

இன்னும் நுணுகி நோக்கின், செயலூக்கலின் பெருங்குறை ஒன்று புலப்படும். அது மறுபுறத்தில் ஒருவர் விளக்கேற்றி விழித்திருக்கும் வரையுமே நடைபெறும். விடையளிக்கும் சேவை நின்ற நாளிலே, முறையாகப் பணங்கொடுத்துப் பெற்ற சாவியும் வெறும் எழுத்துக்களாகிவிடும். விண்டோஸ் 10இன் பராமரிப்பும் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றமையின், இன்று எக்ஸ்பி பற்றிக் கூறியவை நாளை அதற்கும் உரியனவாம். ஆதலாற் பாடசாலைகளில் ஒவ்வொரு கணினிக்கும் அதன் முறைமை, தட்டின் வகை, உரித்துச்சாவி, செலுத்திகள், எழுத்துருக்கள் ஆகியவற்றைப் பொருட்பதிவேட்டிற் குறித்து வைத்தல் வேண்டும். தமிழ் ஆவணங்களை ஒருங்குறியாக்கி ஈரிடத்தேனும் காத்தல் வேண்டும். பொறி இயங்கும்போதே இப்பணியைச் செய்து முடித்தல் எளிது. விடுமுறையில் ஒருநாளை ஒதுக்கக்கூடிய மாணவர்கள் நால்வர் கூடினால் ஒரு பாடசாலையின் ஆவணங்கள் முழுவதையும் மீட்கலாம்.